பழைய படைத் துணிச் சின்னங்களை இனங்காணலும் காலங்கணித்தலும்

அந்தமான், நிக்கோபார்த் தீவுகளில் பணி புரியும் ஆசிரியரிடம் ஒரு மாணவன் சிறு துணித் துண்டு ஒன்றைக் கொண்டு வருகிறான் எனக் கொள்வோம். கருநீலக் கம்பளியின் மேல் சிவப்பு நூலால் மூன்று அலகுடைய சுழல்விசிறி ஒன்று தைக்கப்பட்டிருக்கிறது. “என் பாட்டனார் விமானம் ஓட்டினார், இது அவருடைய சின்னம்” என்கிறான். ஆசிரியரும் அதனை அவ்வாறே பள்ளிக் காட்சிப் பேழையில் எழுதி வைக்கிறார். அவ்வளவில் ஒரு பிழை வரலாறாகிவிடுகிறது. அம்முதியவர் உண்மையில் கப்பலின் அடித்தட்டில், கொதிகலனின் வெம்மையில் நின்று உழைத்தவராயின், அவ்வுழைப்பு அவருடைய பெயரிலிருந்தே நீங்கிவிடுகிறது.

இத்தகைய பிழைகளைத் தவிர்ப்பதற்கு வேண்டிய சில எளிய முறைகளை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம். இவற்றிற்கு ஆய்வுக்கூடம் தேவையில்லை. ஓர் உருப்பெருக்குக் கண்ணாடியும், அளவுகோலும், குறிப்பேடும், பொறுமையும் போதும்.

தொழிற்சின்னம் என்பது யாது?

படைவீரரின் சீருடையில் தைக்கப்படும் துணிச் சின்னங்கள் பல வகைப்படும். அவற்றுள் முதலாவது பதவிச் சின்னம். அது அணிந்தவர் யாருக்கு ஆணையிடலாம் என்பதைக் காட்டும். இரண்டாவது அணிப்பிரிவுச் சின்னம்; அவர் எந்தப் படைப்பிரிவைச் சேர்ந்தவர் என்பதைக் காட்டும். மூன்றாவது தொழிற்சின்னம், கொல்லர், தந்தி இயக்குபவர், இயந்திரப் பணியாளர், மருத்துவ உதவியாளர் போன்ற தொழிலில் அவர் தேர்வு பெற்றிருப்பதைக் காட்டும். நான்காவது திறமைச் சின்னம். குறி தவறாது சுடுதல், இயந்திரத் துப்பாக்கியைக் கையாளுதல், வான்குடையுடன் குதித்தல் முதலியவற்றில் பெற்ற தேர்ச்சியைக் காட்டும்.

பின்னிரண்டு வகைகளும் வெறும் அலங்காரமல்ல. தொழில் தேர்வில் வெற்றி பெற்றவருக்குப் பல படைகளில் கூடுதல் ஊதியம் வழங்கப்பட்டது. அத்தகுதியைக் கண்ணுக்குப் புலப்படுத்தும் அடையாளமே இச்சின்னம். அரசிதழ்களிலும் வரலாற்று நூல்களிலும் அதிகாரிகளின் பெயர்கள் இடம் பெறுகின்றன. ஆனால் ஒரு சாதாரண வீரர் நாள்தோறும் என்ன வேலை செய்தார் என்பதற்கு அவர் குடும்பத்தில் எஞ்சியிருக்கும் சான்று பெரும்பாலும் இத்துணித் துண்டு ஒன்றே.

தீவுகளில் சேர்ந்த படைச் சுவடுகள்

சின்னத்தைப் பார்ப்பதற்கு முன் இத்தீவுகளுக்கு எந்தெந்தப் படையினர் எப்போது வந்தனர் என்பதை நினைவில் கொள்ளுதல் நலம்.

1858 மார்ச்சு மாதத்தில் போர்ட் பிளேரில் கைதிகள் குடியேற்றம் தொடங்கிற்று. அன்று முதல் பிரிட்டிஷ், இந்தியக் காவற்படையினர் இங்கு தங்கி வந்தனர். 1942 மார்ச்சு 23 அன்று ஜப்பானியப் படை இத்தீவுகளைக் கைப்பற்றியது. அதற்கு முன்னரே இங்கிருந்த காவற்படை திரும்பப் பெறப்பட்டிருந்தது. 1945 அக்டோபர் மாதத்தில் போர்ட் பிளேரின் ஜிம்கானா மைதானத்தில் ஜப்பானியர் முறைப்படி சரணடைந்தனர். இந்தியத் தரைப்படைப் பிரிவு ஒன்று மீண்டும் நிலைகொண்டது. விடுதலைக்குப் பின் 1964 இல் ஐ.என்.எஸ். ஜராவா என்னும் கடற்படை நிலையம் போர்ட் பிளேரில் அமைந்தது. 2001 இல் முப்படைகளுக்கும் பொதுவான அந்தமான் நிக்கோபார்த் தலைமையகம் உருவாயிற்று. போர்ட் பிளேர் 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் பெற்றுள்ளது. பழைய ஆவணங்களில் முந்திய பெயரே காணப்படும்.

இவற்றோடு மற்றொரு செய்தியையும் சேர்த்து எண்ண வேண்டும். 1969 முதல் பெரிய நிக்கோபாரின் காம்ப்பெல் விரிகுடாப் பகுதியில் முந்நூறுக்கும் மேற்பட்ட முன்னாள் படைவீரர் குடும்பங்கள் குடியமர்த்தப்பட்டன. பஞ்சாப், மகாராட்டிரம், கேரளம், தமிழ்நாடு முதலிய பல மாநிலங்களிலிருந்து அவர்கள் வந்தனர். தம் பணிக்காலச் சின்னங்களையும் அவர்கள் உடன் கொணர்ந்திருக்கக் கூடும். ஆதலால் தீவில் கிடைத்த சின்னம் தீவிலேயே அணியப்பட்டது என்று கொள்ளுதல் கூடாது. கிடைத்த இடம் வேறு, அணிந்த இடம் வேறு. இவ்விரண்டையும் எப்போதும் தனித்தனியே குறித்தல் வேண்டும்.

முதற்படி: கையில் எவ்விடம்?

சின்னம் சட்டையோடு இணைந்தே கிடைக்குமாயின் அது பெரும்பேறு. அதனைப் பிரித்தெடுத்தல் ஒருபோதும் கூடாது. எந்தக் கையில், முழங்கைக்கு மேலா கீழா, எவ்வளவு உயரத்தில் உள்ளது என்பதை அளந்து எழுதுக.

பிரிட்டிஷ் மரபைப் பின்பற்றிய தரைப்படைகளில் தொழிற்சின்னம் பெரும்பாலும் வலது மேற்கையில் இருக்கும். குறி பார்த்துச் சுடுதல் போன்ற திறமைகளுக்குரிய சின்னங்கள் இடது முன்கையில் இருக்கும். கடற்படையில் இடக்கை பதவிக்கும், வலக்கை தொழிலுக்கும் உரியன.

இவ்வேறுபாட்டை அறியாமையால் நேரும் குழப்பத்திற்குக் கோணப்பட்டைகளே சிறந்த எடுத்துக்காட்டு. தரைப்படையில் மேற்கையில் கூர்முனை கீழ்நோக்கிய மூன்று கோணப்பட்டைகள் ஹவில்தார் பதவியைக் குறிக்கும். பிரிட்டிஷ் தரைப்படையில் இடது முன்கையில் கூர்முனை மேல்நோக்கியிருந்தால் அது பதவியன்று; நன்னடத்தையுடன் கழித்த ஆண்டுகளுக்கான அடையாளம். கடற்படையிலோ இடக்கையில் கூர்முனை கீழ்நோக்கிய மூன்று பட்டைகளும் நன்னடத்தைக்கு உரியனவே. பிரிட்டிஷ் கடற்படையின் பழைய விதிப்படி முதற்பட்டை 3 ஆண்டுக்கும், இரண்டாவது 8 ஆண்டுக்கும், மூன்றாவது 13 ஆண்டுக்கும் வழங்கப்பட்டன. ஆகவே மூன்று பட்டை அணிந்த மாலுமியை ஹவில்தாருக்கு ஒப்பானவர் என்று எழுதுதல் தவறு.

இரண்டாம் படி: உருவம் எதைக் குறிக்கிறது?

பெரும்பாலான உருவங்கள் தொழிற்கருவியையே காட்டுவன. குதிரை இலாடம் இலாடம் கட்டுவோரையும், சம்மட்டியும் குறடும் படைக்கலம் செப்பனிடுவோர் உள்ளிட்ட கைவினைஞரையும் குறிக்கும். குறுக்காக வைத்த நீல, வெள்ளைக் கொடிகள் சைகையாளரையும், குறுக்கிட்ட கோடரிகள் வழியமைக்கும் முன்னோடிகளையும், யாழ் இசைக்குழுவினரையும், முரசு முரசறைவோரையும் குறிக்கும். குறுக்கிட்ட துப்பாக்கிகள் குறி தவறாமைக்கும், இலை வளையத்தினுள் எம்.ஜி. என்னும் ஆங்கில எழுத்துகள் இயந்திரத் துப்பாக்கித் தேர்ச்சிக்கும் உரியன. மின்னற் கதிர்களைப் பற்றிய கைமுட்டி விமானப் படையின் கம்பியில்லாத் தந்தித் தொழிலுக்கு உரியது.

முதலில் கூறிய சுழல்விசிறிக்கு வருவோம். கடற்படையில் மூன்று அலகுடைய சுழல்விசிறி கப்பலைச் செலுத்தும் விசிறியே ஆகும். அதனை அணிந்தவர் ஸ்டோக்கர் எனப்படும் கொதிகலப் பணியாளர். அதன் மேல் நட்சத்திரம் இருப்பின் அத்தொழிலில் உயர்நிலை எய்தியவர் என்க. பிரிட்டிஷ் விமானப் படை மரபிலோ இரண்டு அலகுடைய விசிறி, ஏர்கிராஃப்ட்மேன் நிலையில் மூத்தவர்க்குரிய பதவிக் குறியாகும். அது விமானியைக் குறிப்பதன்று. ஆகவே அலகுகளை எண்ணிப் பார்த்தபின் நிறத்தையும் நோக்குக.

கடற்படைச் சின்னங்களில் நிறம் தொழிலைக் காட்டுவதன்று, உடையைக் காட்டுவது. சிறப்பு நாளுக்குரிய நீல உடையில் பொற்சரிகையும், அன்றாட நீல உடையில் சிவப்பு நூலும், வெப்ப மண்டல வெள்ளை உடையில் நீல நூலும் வழங்கின. ஒருவருக்கே மூன்று நிறச் சின்னங்கள் இருந்திருத்தல் இயல்பு. அவற்றை மூவருடையவை என்று பிரித்தெழுதுதல் பிழை.

மூன்றாம் படி: அரசமுடியும் சிங்கமும்

காலத்தைக் கணிப்பதற்கு மிகத் தெளிவான சான்று முடிச்சின்னமே. விக்டோரியா அரசியின் காலத்து முடியில் மேல் வளைவுகள் நடுவில் சற்றுத் தாழ்ந்திருக்கும். 1901 க்குப் பின் மன்னர்களின் காலத்து முடியில் அவ்வளைவுகள் குவிமாடம் போல் உயர்ந்து வட்டமாக இருக்கும். 1953 முதல் பிரிட்டனில் நடுவில் தாழ்ந்த வடிவம் மீண்டும் வந்தது.

இந்தியாவில் இதற்கு ஓர் எல்லை உண்டு. 1947 ஆகஸ்டு 15 க்குப் பின்னும் குடியரசு நாள் வரை நாடு டொமினியனாக இருந்தமையால் படைச் சின்னங்களில் முடி நீடித்தது. 1950 சனவரி 26 முதல் அதன் இடத்தில் அசோகரது சிங்க முகடு வந்தது. இதனின்று மூன்று முடிவுகள் பெறப்படும். வட்ட முடியுடைய இந்தியச் சின்னத்தின் வடிவமைப்பு 1901 க்கும் 1950 க்கும் இடைப்பட்டது. சிங்க முகடுடையது 1950 க்கு முந்தியதன்று. 1953 க்குப் பிந்திய முடியுடையது இந்தியப் படையினது அன்று. அது வேறு நாட்டுப் படையினதாகவோ, விற்பனைக்காகப் பின்னர்ச் செய்யப்பட்டதாகவோ இருத்தல் வேண்டும்.

எழுத்துகளும் இவ்வாறே உதவும். இந்தியக் கடற்படை 1934 இல் ராயல் இந்தியக் கடற்படை எனப் பெயர் பெற்று, 1950 இல் ராயல் என்னும் அடைமொழியை நீக்கியது. 1932 இல் தோன்றிய இந்திய விமானப் படைக்கு அவ்வடைமொழி 1945 முதல் 1950 வரையே இருந்தது. ஆகவே ஆர்.ஐ.ஏ.எஃப். என்னும் ஆங்கில எழுத்துகள் கொண்ட துணி ஐந்தாண்டு வரம்புக்குள் அடங்கும். இந்தியாவின் முதல் வான்குடைப் படையணி 1941 இல் அமைந்தமையால், இந்திய வான்குடைத் தேர்ச்சிச் சின்னம் எதுவும் அதற்கு முந்தியதாக இருத்தல் இயலாது.

ஆயினும் ஒரு வடிவம் தோன்றிய ஆண்டு நமக்குக் கீழெல்லையை மட்டுமே தரும். கிடங்கிலிருந்த பழைய சரக்கு பின்னரும் வழங்கப்பட்டிருக்கும். வீரரும் பழைய சின்னத்தைப் பல்லாண்டு அணிந்திருப்பர். எனவே “1943 ஆம் ஆண்டுச் சின்னம்” என்று எழுதாமல், “1941 க்கு முந்தியதன்று” என்று எழுதுதலே முறை.

நான்காம் படி: துணியும் நூலும்

சின்னத்தின் முன்புறத்தைக் காட்டிலும் பின்புறமே மிகுதியாகப் பேசும். கையால் செய்த பூத்தையலில் நூல்கள் ஒழுங்கின்றிக் குறுக்கே ஓடும், முடிச்சுகள் தென்படும். பொறித் தையலில் பின்புறம் ஒரே நிற நூல் சீராகப் படர்ந்திருக்கும். சரிகைச் சின்னங்களின் பின்னே விறைப்பிற்காகத் தாள் ஒட்டுதல் உண்டு. சிலவற்றில் அது செய்தித்தாளாக இருக்கும்; அதில் அச்சான சில சொற்களே காலத்தைக் காட்டிவிடக் கூடும். அதனைக் கிழித்தெடுக்காமல் ஒளிப்படம் எடுத்துக் கொள்க.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் சிக்கனம் கருதிச் சில சின்னங்கள் பூத்தையலின்றிப் பருத்தித் துணியில் அச்சிடப்பட்டன. வெப்ப நாடுகளில் சீருடை அடிக்கடி வெளுக்கப்பட்டமையால், சின்னங்களைக் கழற்றி மாட்டக் கொக்கியோ பிரஸ் பட்டனோ வைத்ததும் உண்டு. ஆகவே அவை இருத்தல் கொண்டு போலி என்று தள்ளிவிடலாகாது.

செயற்கை இழை சிறந்த காலக்குறி. நைலான் 1930 களின் இறுதியில் வெளிவந்தது. டெரிலீன் எனப்படும் பாலியெஸ்டர் 1941 இல் இங்கிலாந்தில் கண்டுபிடிக்கப்பட்டு, 1950 களிலேயே சந்தையில் பரவியது. கொக்கி இழையும் சுருள் இழையும் ஒட்டிக்கொள்ளும் வெல்க்ரோ பட்டையும் 1950 களின் படைப்பே. பாலியெஸ்டரோ வெல்க்ரோவோ சின்னத்தின் மூல உறுப்பாக இருப்பின் அது உலகப் போர்க் காலத்தது அன்று.

இழையை அறியப் பின்புறத்தில் தொங்கும் தளர்ந்த நூலில் சில மில்லிமீட்டர் மட்டும் வெட்டி, ஆசிரியரே இடுக்கியால் பிடித்துச் சுடரில் காட்டலாம். கம்பளி மயிர் கருகும் நாற்றம் தரும். பருத்தி காகிதம் போல் எரிந்து மென்சாம்பலாகும். செயற்கை இழை உருகிக் கெட்டி மணியாகும். தளர்ந்த நூல் இல்லையெனில் இச்சோதனையைச் செய்யாது விடுக.

புறஊதா விளக்கின் கீழ்ச் சில துணிகள் வெண்ணீலமாக ஒளிரும். துணியை வெண்மையாக்கும் ஒளிர்பொருள்கள் போருக்குப் பின்னரே பெருவழக்கிற்கு வந்தன என்பதால், ஒளிர்வது புதியது என்று பலர் முடிவு செய்வர். ஆனால் பழைய துணியை இக்காலச் சலவைத் தூளில் ஒருமுறை தோய்த்தாலும் அது ஒளிரும். ஆகவே ஒளிர்தல் ஐயத்தை எழுப்புமே அன்றித் தீர்ப்பாகாது.

சட்டையின் உட்புற முத்திரையையும் தேடுக. அகன்ற அம்புக் குறியோடு ஆங்கில ஐ எழுத்து இருப்பின் அது பிரிட்டிஷ் ஆட்சிக்கால இந்திய அரசுச் சரக்கு. ஷாஜகான்பூர்ப் படை உடைத் தொழிற்சாலை 1914 இலும், சென்னையை அடுத்த ஆவடித் தொழிற்சாலை 1961 இலும் தொடங்கப்பட்டன. ஆவடி முத்திரை கொண்ட உடை 1961 க்கு முந்தியதாகாது.

ஜப்பானியச் சின்னங்கள்

இத்தீவுகளில் ஜப்பானியத் தரைப்படையோடு கடற்படையும் இருந்தது. அக்கடற்படையின் துணிச் சின்னங்களில் நங்கூரமும் செர்ரி மலரும் காணப்படும். 1942 இன் இறுதியில் படைநிலைப் பெயர்கள் மாற்றப்பட்டபோது, அதுவரை வட்டமாக இருந்த மாலுமிகளின் கைச்சின்னம் கேடய வடிவம் பெற்றது. புதிய வடிவில் மலரின் நிறம் பிரிவைக் காட்டிற்று: இயந்திரப் பிரிவுக்கு ஊதா, மருத்துவத்திற்குச் சிவப்பு, கணக்கு வழங்கற் பிரிவுக்கு வெள்ளை. ஆகவே கேடய வடிவச் சின்னம் தீவுகள் கைப்பற்றப்பட்ட பின்னரே வழக்கிற்கு வந்தது. வட்டச் சின்னம் முன்னரே செய்யப்பட்டு உடன் வந்ததாகலாம்.

ஜப்பானிய உடை முத்திரைகளில் ஷோவா ஆண்டு எண் இருக்கலாம். அவ்வெண்ணோடு 1925 ஐக் கூட்டினால் பொது ஆண்டு கிடைக்கும். ஷோவா 17 என்பது 1942 ஆகும்.

இவ்விடத்து ஓர் எச்சரிக்கை இன்றியமையாதது. பழைய பதுங்கு குழிகளில் மாணவரைத் தோண்ட விடுதல் ஆகாது. வெடிக்காத குண்டுகள் இருத்தல் கூடும். உலோகப் பொருள் எதையேனும் கண்டால் தொடாது விலகிக் காவல்துறைக்கு அறிவிக்க வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டு ஆய்வு

இப்போது மாணவன் கொணர்ந்த துணியை முறைப்படி நோக்குவோம். உருவம் மூன்று அலகுச் சுழல்விசிறி, மேலே நட்சத்திரம். ஆகவே கடற்படை, கொதிகலப் பிரிவு. கருநீலத்தில் சிவப்பு, ஆகவே அன்றாடக் குளிர்கால உடை. கம்பளி உடை இத்தீவுகளின் வெப்பத்திற்கு ஏற்றதன்று; வேறிடத்தில் அணியப்பட்டிருக்கலாம். முடியும் இல்லை, சிங்கமும் இல்லை; எனவே அவ்வழியில் காலம் கிடைக்கவில்லை. பூத்தையல் நூல் பருத்தி. ஆனால் சின்னத்தைச் சட்டையில் பிணைத்த நூல் சுடரில் உருகுகிறது.

சின்னம் புதியது என்பது இதன் பொருளா? அன்று. பூத்தையலுக்கு ஒரு காலமும், பிணைப்பிற்கு ஒரு காலமும் உண்டு. பழைய சின்னம் 1950 களிலோ அதன் பின்னரோ மீண்டும் தைக்கப்பட்டது என்பதே சரியான முடிவு. முழுப்பொருளும் இன்றுள்ள நிலையை எப்போது எய்தியது என்பதை அதன் மிகப் பிந்திய உறுப்பே கூறும். ஆனால் ஒவ்வோர் உறுப்பையும் தனித்தனியே காலங்கணித்தல் வேண்டும்.

எஞ்சியதைத் துணி சொல்லாது, தாள்கள் சொல்லும். பாட்டனாரின் பணிவிடுப்புச் சான்றிதழ், ஓய்வூதியப் புத்தகம், ஒளிப்படம் ஆகியவற்றைக் கேட்டுப் பெறுக. சான்றிதழில் ஸ்டோக்கர் என்னும் சொல்லும் சேர்ந்த ஆண்டும் இருப்பின் ஐயம் தீர்ந்தது. மாணவனிடம் இதனைக் கூறுங்கால், பாட்டனார் விமானி அல்லர் என்று மட்டும் கூறி நிறுத்துதல் கூடாது. கப்பல் நகர்ந்தது அவருடைய தொழிலால் என்பதையும், அத்தொழிலில் அவர் உயர்நிலை பெற்றவர் என்பதையும் எடுத்துரைத்தல் ஆசிரியரின் கடமை.

பதிவும் பாதுகாப்பும்

ஒவ்வொரு சின்னத்திற்கும் ஓர் அட்டை எழுதுக. அதில் கிடைத்த இடம், நாள், வைத்திருந்தவர் கூறிய செய்தி, நீள அகலம், துணி, நூல், பின்புறம், கையில் இருந்த இடம் ஆகியவை அமைதல் வேண்டும். கண்டதை ஒரு பத்தியிலும், கேட்டதை ஒரு பத்தியிலும், கருதியதை ஒரு பத்தியிலும் எழுதுக. பின்வருவோர் நம் கருத்தைத் திருத்தலாம். கண்டதும் கேட்டதும் கலந்துவிட்டால் திருத்த இயலாது. இருபுறமும் அளவுகோலுடன் ஒளிப்படம் எடுக்க.

பொருள் குடும்பத்தினுடையது. பதிவு செய்தபின் அதனை அவர்களிடமே திருப்பித் தருதல் முறை. 1972 ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் பொதுவாக நூறாண்டு கடந்த பொருள்களுக்கே பொருந்தும். இரண்டாம் உலகப் போர்ச் சின்னங்கள் பல இன்னும் அவ்வெல்லையை எட்டவில்லை. சட்டத்தின் காவல் இல்லாத பொருளுக்கு நம் கவனமே காவல்.

இத்தீவுகளில் ஆண்டு மழை ஏறத்தாழ 3000 மில்லிமீட்டர். காற்றில் ஈரமும் உப்பும் மிகுதி. சரிகைக் கம்பி கறுத்துப் பச்சை பூக்கும். கம்பளியை அந்துப்பூச்சி அரிக்கும். 2004 டிசம்பர் 26 ஆம் நாள் ஆழிப்பேரலையில் நனைந்து மீண்ட துணிகளில் உப்பு தங்கியிருக்கும். அது ஈரத்தை ஈர்த்துக்கொண்டே இருக்கும். அத்தகையவற்றை அருங்காட்சியக வல்லுநரிடம் காட்டுக.

மற்றவற்றை வீட்டில் தோய்த்தல், தேய்த்தல், சரிகையை மெருகிடுதல் ஆகியவற்றைத் தவிர்க்க. அமிலமற்ற தாளில் மடிப்பின்றி வைத்து, சிலிக்கா ஜெல் இட்ட பெட்டியில், வெயில் படாத இடத்தில் வைக்கலாம். காற்றுப்புகா நெகிழிப் பையில் ஈரத்தோடு அடைத்தல் பூஞ்சைக்கு வழி. பூச்சி தென்படின், உலர்ந்த நிலையில் பாலித்தீன் உறையில் மூடி, சுழியத்திற்குக் கீழ் 18 பாகை செல்சியசில் இரண்டு வாரம் உறைபெட்டியில் வைத்தால் அது அழியும்.

முன்னாள் வீரர்களின் முதல் தலைமுறை மறைந்து வருகிறது. துணி இன்னும் சில காலம் நிற்கும். ஆனால் அது யாருடையது, எங்கு அணிந்தது என்று கூறத்தக்கவர் நம்மிடையே நெடுங்காலம் இரார். எனவே அட்டையில் கேட்டதை எழுதும் பத்தியை முதலில் நிரப்புக. துணியையும் நூலையும் ஆராய்வதற்குப் பின்னரும் காலம் உண்டு.